கீழே வைக்கக் கூடாத குடம்

தம்பிகளா, தங்கச்சி, இப்படித் தரையிலேயே உட்காருங்கள். நாற்காலி இல்லை. மாட்டுங்காவில் இருக்கிற நாற்காலிகளில் பாதியைத் தலையில் சுமந்திருக்கிறேன், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. வீடு மாற்றிக் கொடுக்கிற இந்தத் தொழில் நமக்குச் செய்கிற முதல் மரியாதை அது.

நாளைக் காலையில் உங்களுக்கு முதல் வேலை. வேலை தேடிக் கைவண்டியைத் தள்ளிப்போக வேண்டாம். காலி செய்ய வேண்டிய வீடு இதுதான், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த ஒற்றை அறை. தாராவியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் இந்த வண்டியும் அறையும் ஒன்றாகவே கைமாறி வந்திருக்கின்றன. வண்டியை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அறையும் உங்களுக்கு. நான் மான்குர்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இருபத்தைந்து வயதில் எனக்கு ஓய்வு. பெரிய பெரிய ஆபீசர்கள்கூட தலை நரைக்கும் வரை இதற்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாலை போட்டு, கடிகாரம் கொடுத்து, இல்லாத குணத்தையெல்லாம் சொல்லிப் பேசுவார்கள். எனக்குப் பேச யாரும் வரவில்லை. அதனால் நானே பேசிக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பேச்சு முன்னும் பின்னுமாகத்தான் வரும்.

இந்தத் தொழிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். அவர் உங்கள் பெரியப்பா பிள்ளை, உங்களுக்கே தெரியும். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லி எங்களை வளர்த்தார்கள். நான் ஒருநாள்கூட சொன்னதில்லை. ஆயுசு எவ்வளவு நீண்டது என்று பார்த்தீர்கள் அல்லவா? இனிமேல் தாராளமாகச் சொல்லலாம். வாய்தான் வரவில்லை.

ஆட்டுக்கல்லைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறினவர். பீரோவுக்கு அடியில் படுத்து கயிறு மாட்டினவர். அதில் எதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை. மழைக்காலத்தில் ஒரு கொசு வந்து கடித்தது, காய்ச்சல் வந்தது, போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம், "நல்ல மனுசன், அதான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிட்டாரு" என்றார்கள். சாமியும் வீடு மாற்றுகிறாரோ என்னவோ. அவருக்கும் மலிவாக ஆள் தேவைப்பட்டிருக்கும்.

இருக்கட்டும். தொழிலுக்கு வருகிறேன்.

நாளைக்கு இந்த வீட்டை மூட்டை கட்டும்போது நான் ஒரு சாமானையும் தொட மாட்டேன். சோம்பலால் சொல்லவில்லை. ஒரு வாரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். காலையில் அவர் சட்டையை மடித்து டிரங்குப் பெட்டியில் வைப்பேன். மத்தியானம் அதை எடுத்து மறுபடியும் ஆணியில் மாட்டுவேன். சாயந்தரம் அந்த ஆணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எத்தனையோ பேர் வீட்டை மூட்டை கட்டியவளுக்கு ஒரு பெட்டியும் ஒரு சட்டையும் முடியவில்லை. கூலிக்கு வந்திருந்தால் முதல் நாளே என்னைத் துரத்தியிருப்பார்கள்.

அவர் சொல்லிக்கொண்டே இருப்பார்: "வீட்டுல வாழ்ந்தவன் கையில கட்டுத வேலையைக் குடுக்காதட்டி. அவன் சாமானைக் கட்ட மாட்டான், சாமான் அவனைக் கட்டிப்போட்டுரும்."

மாட்டுங்காக்காரர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்மைக் கூப்பிட வேண்டும் என்று யாராவது சொன்னாலே, "அவாளுக்கு ஏன் தண்டம் அழணும்? சொந்தக்காரா எல்லாரும் வந்து கட்டிக் குடுத்துட மாட்டாளா?" என்பார்கள். சொந்தக்காரர்கள் வருவார்கள், அதில் குறையே இல்லை. காலையில் வந்து, டிபன் சாப்பிட்டு, இரண்டு தடவை காப்பி குடித்து, பழைய கதை பேசி, மூன்றாவது காப்பிக்குக் காப்பிப்பொடி எந்தப் பெட்டியில் போனது என்று தேடி, சாயந்தரம் போவார்கள். ஒரு வீட்டில் இப்படிச் சொந்தக்காரர்கள் கட்டிய தேயிலைப் பெட்டியை நாங்கள் இறக்கிப் பிரித்தோம். அடியில் கொலு பொம்மைகள். மேலே அம்மிக்குழவி. செட்டியார் பொம்மை மாவாகிவிட்டார். செட்டியாரம்மாளுக்குத் தலை மட்டும் மிச்சம். அந்த வீட்டு மாமா பார்த்துவிட்டு, "லாரிக்காரன் வேகமா ஓட்டிட்டான்" என்றார். ஆமாம், குழவியைப் பொம்மை மேல் வைத்தது லாரிக்காரன்தானே.

தங்கச்சி, உனக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சமையலறை உன் பொறுப்பு. ஆம்பிளைகளை அந்த வீடுகளில் சமையலறைக்குள் விட மாட்டார்கள். உன்னையும் விட மாட்டார்கள், ஆனால் வேறு வழியில்லாமல் விடுவார்கள். நீ பித்தளைப் பாத்திரத்தைக் கையால் தொட்டால் தீட்டு. அதே பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி நீ தூக்கினால் தீட்டு இல்லை. சணலுக்கு அப்படி ஒரு மகிமை. டிராம்பேயில் அணுவைப் பிளக்கிற பெரிய படிப்புக்காரர்களின் வீடுகளிலேயே இதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஏதாவது விஞ்ஞானம் இருக்கத்தான் வேண்டும். நீ வாதாடாதே. சாக்கை மட்டும் மறக்காமல் எடுத்துப் போ.

இன்னொன்று. பால் காய்ச்சுகிற பாத்திரமும் அடுப்பும் கடைசியில் ஏற வேண்டும், முதலில் இறங்க வேண்டும். அவை அடியில் போய்விட்டால், புது வீட்டு வாசலில் முழுக்குடும்பமும் நல்லநேரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும். அப்போது அவர்கள் உங்களைப் பார்க்கிற பார்வையில் பாலே கொதித்துவிடும்.

சரி, குடத்தின் கதைக்கு வருகிறேன். இன்றைக்கு மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நீங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் உங்களைக் கேட்பார்கள்: "குடம் யார் பிடிக்கறது?" நீங்கள் ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள், முழிப்பீர்கள். முழிக்காதீர்கள். அது நம்முடைய பரம்பரை வழக்கம். அந்தப் பரம்பரைக்கு வயது நாலைந்து வருஷம்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். மாட்டுங்காவில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. செம்பூரில் சொந்தமாக வீடு வாங்கிப் போகிறார்கள். அந்த வீட்டு மாமி ரொம்ப நல்லவள், குரலை உயர்த்தவே மாட்டாள். நாங்கள் கட்டுகிற ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்தாள், அவ்வளவுதான்.

"ஏண்டிம்மா, அந்தக் கட்டைச் சித்த அவிழேன். குழந்தைகளோட பழைய ஸ்லேட்டு அதுலதான் இருக்கா பார்த்துக்கறேன்."

அவிழ்த்தோம். ஸ்லேட்டு இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு, எந்தக் குழந்தை எந்த வருஷம் அதில் என்ன எழுதியது என்று சொன்னாள். திரும்பக் கட்டினோம். அடுத்தது ஒரு பழைய ஜாடி. அதற்கடுத்தது பூட்டில்லாத சாவிக்கொத்து. கீழே லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே, "அரே பாய், ஆஜ் ஜானா ஹை யா கல்?" என்று கத்துகிறார். இன்றைக்குப் போகிறோமா நாளைக்கா என்று அவருக்குச் சந்தேகம். எங்களுக்கும்தான். ராகுகாலம் வேறு வந்துகொண்டிருந்தது. மாமா கடிகாரத்தைப் பார்ப்பதும் மாமியைப் பார்ப்பதுமாக இருந்தாரே தவிர, வாயைத் திறக்கவில்லை. குடும்பஸ்தர்.

இவர், உங்கள் அண்ணன், என்னைப் பார்த்தார். போய் ஒரு பித்தளைக் குடத்தைச் சாக்கால் பிடித்துக் குழாயடியில் வைத்து விளிம்பு வரை நிரப்பினார். கொண்டுவந்து மாமி முன்னால் வைத்தார்.

"மாமி, ஒரு முக்கியமான காரியத்தை மறந்துட்டோம். எங்க திருநெல்வேலிப் பக்கம் ஒரு வழக்கம். வீடு மாத்தும்போது வீட்டுக்காரம்மா நிறைகுடத்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசல்கிட்ட உக்காரணும். பழைய வீட்டுல கடைசிச் சாமான் இறங்கி, புது வீட்டுல பால் பொங்குத வரைக்கும் கீழ வைக்கக் கூடாது."

எனக்கும் திருநெல்வேலிதான். நான் இப்படி ஒரு வழக்கத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. வாயைப் பிளந்தேன். இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டேன்.

மாமி சந்தேகப்பட்டாள். "எங்க பாலக்காட்டுல அப்படி ஒண்ணும் கிடையாதே?"

"அங்கயும் உண்டுன்னு சொல்லுதாவ மாமி. பெரிய குடும்பங்கள்ல மட்டும்."

அவ்வளவுதான். மூலையில் நின்ற மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆமாமா, உண்டு. எங்க அத்தை பிடிச்சுண்டு உக்காந்ததை நானே பார்த்திருக்கேன்" என்றார். பெரிய குடும்பம் இல்லை என்று யார்தான் ஒப்புக்கொள்வார்கள்?

மாமி குடத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். கண் முன்னால் எல்லாம் போயிற்று. ஸ்லேட்டு போயிற்று. ஜாடி போயிற்று. ஒவ்வொன்றும் கடக்கும்போது அவள் கை எழும்பும், தண்ணீர் தளும்பும், உடனே குடத்தைப் பிடித்துக்கொள்வாள். ராகுகாலத்துக்கு முன்னாலேயே லாரி கிளம்பிவிட்டது.

அன்று இரவு இதே அறையில் நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள்.

பொய் நடக்கிற வேகத்தில் நம் கைவண்டி நடக்காது. அடுத்த முகூர்த்தத்துக்குள் மாட்டுங்கா முழுக்கப் பரவிவிட்டது. பஜனையில் ஒரு மாமி இன்னொரு மாமியிடம் சொல்ல, கோயிலில் அவள் வேறொருத்தியிடம் சொல்ல, ஆளுக்கு ஒரு விதி சேர்த்தார்கள். ஒருத்தி மாவிலை வைத்தாள். ஒருத்தி மஞ்சள் போட்டாள். கிழக்கே பார்த்து உட்கார வேண்டும் என்றாள் ஒருத்தி. சுமங்கலிதான் பிடிக்க வேண்டும் என்றாள் இன்னொருத்தி. ஒருநாள் ஒரு மாமி எங்களுக்கே பாடம் எடுத்தாள்: "உங்களுக்கெல்லாம் இதோட தாத்பர்யம் தெரியாது, நீங்க சாமானை மட்டும் பாருங்கோ."

"சரிங்க மாமி" என்றார் இவர், ரொம்பப் பணிவாக. வெளியே வந்து என்னிடம், "நான் ஒரு குடம் தண்ணிதான் விட்டேன், இவங்க கிணறே வெட்டிட்டாங்கட்டி" என்றார்.

எங்களுக்கு நல்லதுதானே. வீட்டுக்காரி கை கட்டிக்கிடக்கும், வேலை மளமளவென்று முடியும். நான் ரொம்பப் பாவப்பட்ட மாமிகளுக்குப் பாதிக் குடம்தான் நிரப்பிக் கொடுப்பேன். இவர் திட்டுவார். "பாதிக் குடம் குடுத்தா பாதி மனசு சாமான் மேல போயிரும்" என்பார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

இப்போது நான் சொல்லப்போகிற வீடுதான் முக்கியம். கவனமாகக் கேளுங்கள். இப்படி ஒன்று உங்களுக்கும் வரும், அப்போது பக்கத்தில் அவர் இருக்க மாட்டார்.

அதுவும் மாட்டுங்காதான், இரண்டாவது மாடிதான். மகனுக்கு டிராம்பேயில் வேலை, செம்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்திருந்தது. மகன், மருமகள், மகனின் அம்மா என்று மூன்று பேர். அந்த அம்மாவைப் பெரிய மாமி என்று சொல்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டிலேயே இருந்தவள். அவள் புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை. வீடு மாற்றுவதை மேற்பார்வை பார்க்க மருமகளின் அம்மா வந்திருந்தாள், சம்பந்தி மாமி. கூப்பிடாமலே வந்தவள் என்று நினைக்கிறேன். அப்படி வருகிறவர்களுக்குத்தான் அவ்வளவு சுறுசுறுப்பு இருக்கும்.

நாங்கள் போகும்போதே குடம் தயாராக இருந்தது. மாவிலை, மஞ்சள், எல்லாம். மருமகள் அதைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் குடமே தேவையில்லை. அவள் ஒரு சாமானையும் திரும்பிப் பார்க்கவில்லை. எப்போது கிளம்பலாம் என்று வாசலைத்தான் பார்த்தாள். சின்னப் பெண், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பெரிய மாமிதான் உள்ளே இருந்தாள். புருஷனின் சாய்வு நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் துணியை உருவி, கட்டைகளைப் பிரிக்கப் போனபோது ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலியின் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் போனோம். பிடி தளரவில்லை. கத்துகிறவர்களைச் சமாளிக்கலாம் தம்பி. இது மாதிரி சும்மா பிடித்துக்கொண்டு இருக்கிறவர்களை ஒன்றும் செய்ய முடியாது.

சம்பந்தி மாமி வந்து பார்த்தாள். "நீங்க இங்க உக்காந்திருந்தா எப்படி? வேலை நடக்க வேண்டாமா? அதோட, அவ நிறைகுடத்தோட உக்காந்திருக்கா. நீங்க குறுக்கே நெடுக்கே வராதேங்கோ. பின்னாடி போய் இருங்கோ."

பெரிய மாமி எழுந்தாள். சத்தமே இல்லாமல் போய்க் குளியலறைக் கதவுக்குப் பின்னால், குடத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். எத்தனையோ வருஷம் தன் கையால் பெருக்கிய வீட்டில், வெளியேறுகிற அன்றைக்கு ஒளிந்து நின்றாள்.

எனக்கு முகத்தில் அடித்தது மாதிரி இருந்தது. அது எங்கள் குடம். நாங்கள் சிரித்துச் சிரித்து உண்டாக்கியது. நான் இவரைப் பார்த்தேன். இவரும் பார்த்துவிட்டார். நேராகப் பால்கனிக்குப் போனார்.

மருமகளுக்குச் சீராக வந்த இரும்பு பீரோவை அப்போது இறக்க வேண்டியிருந்தது. மாடிப்படி குறுகல், அதனால் பால்கனி வழியாகக் கயிறு கட்டித்தான் இறக்க முடியும். தூணில் கயிற்றைச் சுற்றி, மேலே இரண்டு பேர் பிடிக்க, பீரோவைக் கைப்பிடிச் சுவருக்கு வெளியே விட்டார்கள். பாதி வழி இறங்கியதும் இவர் கையை உயர்த்தினார். "ஏல, நிறுத்துங்கடே." தூணில் ஒரு முடிச்சுப் போட்டார். பீரோ அந்தரத்தில் தொங்கியது. கீழே தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பம்பாயில் எதற்கும் நேரமில்லை என்று சொல்கிற அதே ஆட்கள்தான்.

சம்பந்தி மாமி ஓடிவந்தாள். "ஏண்டா நிறுத்திட்டே? ராகுகாலம் வரதுடா!"

"கயிறு ஒரு பக்கமா இழுக்குது மாமி."

"கயிறுன்னா இழுக்கத்தான் செய்யும். இறக்கு!"

"இது வேற இழுவை. குடம் கை மாறிக் கெடக்கு போல. யாரு பிடிச்சிருக்காவ?"

"என் பொண்ணுதான். சுமங்கலிதானே பிடிக்கணும்?"

"யாரு சொன்னாவ?"

"சாஸ்திரம் சொல்றது!"

இவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவசரமே இல்லை. "சாஸ்திரம் உங்களுது மாமி. அதுல நான் வாயே தொறக்க மாட்டேன். ஆனா குடம் எங்களுது. இது சாமான் கட்டுதவன் வழக்கம். வீட்டுல ரொம்ப நாளா யாரு இருந்தாவளோ, அவங்க கைலதான் இருக்கணும். சுமங்கலி, கன்னி, கெழவி எல்லாம் எங்களுக்குக் கிடையாது."

"இத்தனை நாளா மாட்டுங்கா முழுக்கச் சுமங்கலிதானே பிடிச்சா?"

"அந்த வீட்டுலயெல்லாம் நான் பீரோவைப் பால்கனி வழியா இறக்கலியே."

சம்பந்தி மாமி எட்டிப் பார்த்தாள். பீரோ காற்றில் மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. அதன் கண்ணாடியில் ஆகாயம் தெரிந்தது, எதிர் மாடி தெரிந்தது, அப்புறம் அவள் முகமே தெரிந்தது. கீழே லாரிக்காரர், "உதார்னா ஹை யா உதர்ஹீ ரக்னா ஹை?" என்று கத்தினார். இறக்கப் போகிறாயா, அங்கேயே வைக்கப் போகிறாயா என்கிறார். நியாயமான கேள்வி.

உள்ளேயிருந்து மருமகள் குரல் வந்தது. "அம்மா, எனக்குக் கை கடுக்கறது. அவாளே பிடிச்சுக்கட்டுமே." யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் எழுந்து குளியலறைப் பக்கம் போனாள், குடத்தை மாமியாரிடம் நீட்டினாள்.

பெரிய மாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "எனக்கு வேண்டாண்டி. நான் பிடிச்சு ஏதாவது ஆச்சுன்னா ஊர் என்னைத்தான் சொல்லும்."

இவர் கதவோரம் வந்து நின்றார். "பீரோ அந்தரத்துல தொங்குது அம்மா. இதுக்கு மேல ஆகுறதுக்கு என்ன இருக்கு? பிடிங்க."

வாங்கினாள். வாங்கியதும் கை தாழ்ந்தது. "கனமா இருக்கேப்பா."

"கனமா இருக்கத்தாம்மா குடுத்தோம்."

அவள் வாசலில் வந்து உட்கார்ந்தாள். மடியில் குடம். இவர் போய் முடிச்சை அவிழ்த்தார். கயிறு எந்தப் பக்கமும் இழுக்கவில்லை, பீரோ நல்ல பிள்ளையாக இறங்கியது. பிறகு சாய்வு நாற்காலியைப் பிரித்து அவள் முன்னால் கொண்டுபோனோம். அவள் கை எழுந்தது. தண்ணீர் தளும்பிப் புடவையில் விழுந்தது. குடத்தைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலி படியிறங்கிவிட்டது.

செம்பூரில் நாங்கள் எல்லாவற்றையும் இறக்கிப் பிரித்து வைத்தோம். அந்த நாற்காலியை முதலில் பூட்டி ஜன்னலோரம் போடச் சொன்னார் இவர். மருமகள் பால் காய்ச்சினாள், பொங்கியது. எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தாள். பெரிய மாமி இன்னும் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இதை இப்போ என்னப்பா பண்ணணும்?"

மற்ற வீடுகளில் பால் பொங்கிய சந்தோஷத்தில் துளசிக்கு ஊற்றிவிடுவார்கள், தொட்டியில் கொட்டிவிடுவார்கள். யாரும் எங்களைக் கேட்டதில்லை. இவர் அந்தப் பொய்க்கு ஆரம்பம் மட்டும்தான் செய்து வைத்திருந்தார், முடிவு செய்யவில்லை. பொய் சொல்லத் தெரியாமல் அவர் தடுமாறி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். அவளைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார்.

"தாகமா இருக்கும்மா" என்றார். குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார்.

அவள் ஊற்றினாள். நேராக அவர் கையில். சாக்கு இல்லை, சணல் இல்லை. அவர் குடிக்கக் குடிக்க, "மெதுவாக் குடி, புரை ஏறிடப் போறது" என்றாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள், எனக்கும் ஊற்றினாள். கடைசியில் மிச்சமிருந்ததில் ஒரு வாய் அண்ணாந்து தானும் குடித்தாள். அப்புறம் குடத்தைக் கீழே வைத்தாள். சம்பந்தி மாமி பீரோவில் கீறல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை.

திரும்பி வரும்போது லாரியின் பின்னால் உட்கார்ந்து நான் கேட்டேன். "ஏங்க, நீங்க சொன்னது பொய்தான?"

"பொய்தான். ஆனா பாரம் நெசம்ட்டி."

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தொழில். முடிச்சுப் போடுவதும் பெட்டி அடுக்குவதும் உங்களுக்குத் தானாக வந்துவிடும், இதற்கு ஒரு பள்ளிக்கூடமும் தேவையில்லை. வீட்டுக்காரர் சாமானைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. பிடுங்கவும் கூடாது, விட்டுவிடவும் கூடாது. அந்தக் கைக்கு வேறொரு பாரம் கொடுக்க வேண்டும்.

அதனால் நாளைக்கு நான் சொல்கிறபடி செய்யுங்கள். விடிகிறதற்கு முன்னால் தெருக்குழாயில் தண்ணீர் வரும். தங்கச்சி, வரிசையில் போய் நில். சண்டை நடக்கும், ஒதுங்கி வராதே. அந்த எவர்சில்வர் குடத்தை நிரப்பிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து என்னை வாசலில் உட்கார வைத்துவிடு. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "தாலி அறுத்தவ கையில நிறைகுடமா?" என்பாள். நீங்கள் பதில் சொல்லுங்கள்: இது சாமான் கட்டுகிறவன் வழக்கம் என்று. இந்த வழக்கத்தைச் செய்தவன் பெண்டாட்டி நான், எனக்கு இல்லாத உரிமை யாருக்கு இருக்கிறது? சந்தேகம் இருந்தால் மாட்டுங்காவில் போய்க் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பெரிய குடும்பங்களில் எல்லாம் உண்டு.

ஆணியில் சட்டை இருக்கிறது. அதை முதலில் எடுக்காதீர்கள், கடைசியில் எடுங்கள். மடிக்கும்போது என்னிடம் எதுவும் கேட்காதீர்கள். நான் உள்ளே வரப் பார்த்தால் விடாதீர்கள். வாடிக்கையாளரிடம் எப்படிக் கறாராக இருக்க வேண்டுமோ அப்படி இருங்கள், நான் உங்கள் அண்ணி என்பதை மறந்துவிடுங்கள். மான்குர்தில் அண்ணன் வீட்டில் பால் பொங்கியதும் நீங்கள் மூன்று பேரும் வந்து கையை ஏந்துங்கள், ஊற்றுகிறேன். வண்டி தள்ளி வந்த தாகம் உங்களுக்கும் இருக்கும். மிச்சத்தில் ஒரு வாய் நான் குடித்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் தங்கச்சி. என்னைப் பார்த்துப் பாவப்பட்டுப் பாதிக் குடம் கொண்டுவராதே. அந்த வேலையெல்லாம் நான் எத்தனையோ மாமிகளுக்குச் செய்தவள், தூக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவேன்.

விளிம்பு வரை நிரப்பு.